கதவைவிடப் பெரிய வண்டி

அனுப்புநர்:
தலைவி,
பழைய பயிற்சியாளர் சங்கம்,
(மோட்டார் வைண்டிங் பட்டறை, அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நேர் எதிரே).

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழிற்பயிற்சித் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: தொழிற்பயிற்சி நிலையத்தின் பெரிய பணிமனை – உள்ளே செய்து முடித்த நடமாடும் பயிற்சி வண்டி வாசல் வழியே வெளிவர இயலாமை – சாலையோரச் சுவரைத் திறக்க அனுமதி மறுத்த கடிதத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. கட்டடப் பிரிவின் மறுப்புக் கடிதம். சென்ற வாரம் வந்தது.
2. நிலையத்தின் முன்னாள் முதல்வர் அம்மையார் பல ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய மனு. பதில் இன்னும் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. சாவியை முறுக்கிய முதல் முறையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. விளக்குகள் எரிந்தன, ஹாரன் அடித்தது. பணிமனையில் இருந்தவர்கள் கத்திய கத்தலில், எதிரே என் பட்டறையில் நின்றிருந்த வாடிக்கையாளர் ஏதோ வெடித்துவிட்டது என்று மோட்டாரை விட்டுவிட்டு ஓடியே போனார். புகார் மனுவை இப்படித் தொடங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். முதல் தாளைப் படித்துப் பார்த்த என் கணவர், "இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். ஆனால் எங்கள் மகிழ்ச்சி இன்னதென்று தெரிந்தால்தான் எங்கள் புகார் இன்னதென்று தங்களுக்குப் புரியும். உயிர் வந்த வண்டி வெளியே வரவில்லை. பணிமனை வாசலைவிட வண்டி பெரிதாக இருக்கிறது.

2. இந்த நிலையத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியவர் எங்கள் முன்னாள் முதல்வர் அம்மையார். அவர் பொறுப்பேற்றபோது இங்கே மூன்று பிரிவுகளும் ஒழுகுகிற கூரையும் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று பதினோரு பிரிவுகள் இருக்கின்றன. பெண்களுக்குத் தையல் மட்டும் போதும் என்று இருந்த இடத்தில், பற்றவைப்புப் பிரிவில் பெண்களைச் சேர்த்தவர் அவர். இந்த நகரத்தில் தண்ணீர் ஏறினாலும், லிப்ட் இறங்கினாலும், அச்சகம் ஓடினாலும், அங்கே எங்காவது அவரிடம் படித்த ஒரு கை இருக்கும்.

3. அவர் வைத்த சட்டம் ஒன்றைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை 'மாற்று வாரம்' வரும். அந்த வாரம் பற்றவைப்பவர் தைக்க வேண்டும், தைப்பவர் மரம் இழைக்க வேண்டும், மரம் இழைப்பவர் செங்கல் அடுக்க வேண்டும். "பக்கத்து ரூம்ல என்ன பாடுன்னு தெரியாதவங்க கையில சுத்தியலைக் கொடுக்காதீங்க" என்பார். அப்படி ஒரு மாற்று வாரத்தில், தையல் பிரிவிலிருந்து எங்கள் மோட்டார் பிரிவுக்கு வந்த ஒருவர் சுருள் கட்டிய மோட்டாரை ஓடவிட்டதும், கிளம்பிய புகையில் அறையே காலியாயிற்று. அவரைத்தான் நான் திருமணம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டு மின்விசிறியைத் தொட அவருக்கு இன்றுவரை அனுமதியில்லை.

4. மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அளந்தியா மேடம்'. யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "அளந்தியா?" என்பதே. பலகையை அறுக்கும் முன், குழாயை வளைக்கும் முன், கம்பியை வெட்டும் முன் எல்லாம் அதே கேள்விதான். நான் திருமண அழைப்பிதழ் கொடுக்கப் போனபோதும், "மாப்பிள்ளையை அளந்தியா?" என்றார். "அளக்கிற வேலையெல்லாம் அவரோடது மேடம், டெய்லர்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவரிடம் படித்தவர்கள் இப்படி ஒரு தவறு செய்திருக்கிறோம் என்பதுதான் எங்கள் தலைகுனிவு. அந்தத் தவறு என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

5. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஓய்வுபெற்றபோது, பழைய பயிற்சியாளர்கள் சேர்ந்து என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம். சால்வை, கடிகாரம், கண்ணாடிச் சட்டம் போட்ட படம் எல்லாவற்றுக்கும் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். "இங்க வர முடியாதவங்களை நான் கடைசிவரைக்கும் பார்க்கவே இல்லை. நிலையம் அவங்ககிட்டப் போகணும். முடிஞ்சா அதைச் செய்யுங்க" என்றார். பேருந்துப் பணிமனையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய பேருந்தை முறைப்படி கேட்டு வாங்கினோம். பழைய பயிற்சியாளர்களும் இப்போதைய பயிற்சியாளர்களும் சேர்ந்து அதை ஒரு பணிமனையாக மாற்றினோம்.

6. அந்த வண்டியைத் தாங்கள் ஒரு முறை பார்க்க வேண்டும் ஐயா. இருபுறச் சுவர்களும் கீழே இறங்கி மேடைகளாக நிற்கும். ஒரு மேடையில் பம்பு பழுது பார்க்கலாம், மற்றதில் பற்றவைக்கலாம். கூரையில் சோலார் பேனல், அதன் மின்சாரத்தைச் சேமிக்கத் தரைக்குக் கீழே பேட்டரிகள். மரப் பிரிவினர் செய்த இழுப்பறைகள், வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் தாமாகத் திறக்காது. வெயிலுக்கு விரிக்கும் பந்தலை என் கணவர் தைத்தார். மடித்தால் ஒரு தலையணை அளவுதான் இருக்கும். அதை அவர் மடித்து விரித்து, மடித்து விரித்து, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டி, இப்போது அதில் மடிப்புத் தழும்பு விழுந்துவிட்டது. பற்றவைப்புப் பிரிவுப் பெண்கள் கூரைச் சட்டம் முழுவதையும் ஒரே உடம்பாக இணைத்திருக்கிறார்கள். எங்கே தட்டினாலும் ஒரே ஓசைதான் வரும்.

7. வண்டி முதலில் போக வேண்டிய இடம் கல்குவாரிக் குடியிருப்பு. அங்கே பேருந்து போவதில்லை. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து படிக்க யாராலும் முடியாது. அந்தக் குடியிருப்புப் பெண்களுக்கு ஒரு வகுப்பைத் தாங்களே அனுமதித்து ஆணையிட்டீர்கள். அந்த ஆணையைச் சங்க அலுவலகத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் முதல் தேதி வகுப்பு தொடங்காவிட்டால் இந்த ஆண்டு இடங்கள் ரத்தாகும் என்றும் அதே ஆணையின் கடைசி வரி சொல்கிறது. அந்த வரியையும் மறைக்காமல்தான் ஒட்டியிருக்கிறோம்.

8. சென்ற மாதம் அங்கிருந்து ஒரு பெண் வந்தார். கல் உடைப்பவர். லாரியில் இடம் கேட்டு ஏறி வந்ததாகச் சொன்னார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வோர் இழுப்பறையையும் திறந்து மூடினார். பிறகு என்னிடம், "இது நெசமாவே எங்ககிட்ட வருமா, இல்ல வரும் வரும்னு சொல்லிட்டு எங்களைத்தான் வரச்சொல்வீங்களாக்கா?" என்று கேட்டார். "நிச்சயம் வரும்மா" என்றேன். அப்போது எனக்கு வாசல் விஷயம் தெரியாது. இப்போது அந்தப் பெண்ணின் கேள்விதான் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

9. தவறு நேர்ந்த விதம் வருமாறு. பேருந்து உள்ளே வந்தபோது அதற்கு டயர் கிடையாது. துருப்பிடித்த கூரையையும் கழற்றியிருந்தோம். தாழ்வான இழுவைத் தட்டில் ஏற்றி, வாசலில் தாராளமாக இடம் விட்டு உள்ளே தள்ளினோம். பிறகு மெக்கானிக் பிரிவு புதிய ஸ்பிரிங்கும் டயரும் போட்டது. வண்டி சற்று உயர்ந்தது. மின்பிரிவு பேட்டரி வைக்கத் தரையை உயர்த்தச் சொன்னது. தரை உயர்ந்ததால் நிற்பவர் தலை இடித்தது. அதனால் கூரை உயர்ந்தது. கூரைமேல் பேனல் ஏறியது. பக்கச் சுவர்கள் இறங்குவதற்கான கீல்கள் வெளியே துருத்தின. ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை இரண்டு முறை, மூன்று முறை அளந்தது. யாருடைய அளவிலும் மயிரிழை பிசகில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவேளை அளக்கவே தெரியாதவர்கள் இதைச் செய்திருந்தால், பாதியிலேயே பயந்துபோய் வாசலைப் பார்த்திருப்பார்கள்.

10. டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தோம். நான்கு விரற்கடை இடித்தது. டயரையே கழற்றி, உருளைகளின் மேல் இழுத்துப் பார்த்தோம். உயரம் சரியாயிற்று, கூரைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த கீல்கள் அகலத்தில் இடித்தன. வாசலுக்கு மேலே உள்ள உத்தரம்தான் பாரம் தூக்கும் கிரேனைத் தாங்குகிறது. ஆகவே அந்த வாசலைத் தொட முடியாது. கூரைச் சட்டத்தை வெட்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது பற்றவைப்புப் பிரிவுப் பெண்கள் பார்த்த பார்வையில் அவர் எல்லாருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அப்படியே வெட்டினாலும், திரும்பச் சேர்த்துச் சோதித்து முடிக்க இரண்டு மாதம் ஆகும். முதல் தேதி அதற்குள் போய்விடும்.

11. மிஞ்சியிருப்பது சாலையோரச் சுவர். அந்தச் சுவரின் நட்டநடுவில்தான் ஐயா, சென்ற ஆண்டு துறை பதித்த கல் இருக்கிறது. பணிமனைக்கு மேடத்தின் பெயரைச் சூட்டி, கருங்கல்லில் பொன் எழுத்துப் பொறித்து, திரை விலக்கித் திறந்து வைத்தீர்கள். நாங்களும் கைவலிக்கக் கை தட்டினோம். அந்தக் கல்லினால் இந்தப் பணிமனை 'சிறப்புக் கட்டட'மாகிவிட்டது என்றும், ஆகவே எந்த மாற்றமும் செய்யலாகாது என்றும் கட்டடப் பிரிவு எழுதியிருக்கிறது. கடிதத்தின் இறுதியில், 'வாகனத்தின் அளவைக் குறைப்பது குறித்துச் சங்கம் பரிசீலிக்கலாம்' என்று ஆலோசனையும் சொல்லியிருக்கிறது. அந்த ஆலோசனைக்கு நன்றி.

12. நிலையத்தின் இப்போதைய முதல்வர் ஐயா நல்லவர். பயந்தவரும்கூட. "கல்லு இல்லாத சுவர்னா நானே கடப்பாறை எடுத்துக் கொடுத்திருப்பேன்மா" என்று என்னிடம் சொன்னார். இதைக் குறையாக எழுதவில்லை. கல்லைத் தொடும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

13. இங்கேதான் அதிசயம் தொடங்குகிறது. சுவர் பாரம் தாங்கும் சுவரா என்று பார்ப்பதற்காகக் கட்டுமானப் பிரிவு ஆசிரியை தம் பயிற்சியாளர்களோடு வந்து, சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஓர் உயரத்தில் ஓசை மாறியது. மறுபடி தட்டினார். இடமிருந்து வலமாக அந்த ஓசை போய்க்கொண்டே இருந்தது. துறைப் பொறியாளரை அழைத்தோம். அவர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தாமே ஏணியில் ஏறினார். இறங்கி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "இது சுவர் இல்லீங்க. செங்கல் வச்சு மூடின வாசல். மேல பெரிய லிண்டல் ஓடுது. கீழ இருக்கிற செங்கல் மொத்தத்தையும் எடுத்தாலும் கூரை அசையாது" என்றார். லிண்டல் என்பது கதவுக்கு மேலே பாரம் தாங்கப் போடும் கான்கிரீட் சட்டம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கதவே இல்லாத சுவரில் அது என்ன செய்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பொறியாளரின் அறிக்கையை இணைத்துள்ளேன்.

14. பணிமனையைக் கட்டியவர் மேடம். ஆகவே அவரிடம் போக வேண்டியதாயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டுப் போட்டு மகள் வீட்டில் இருக்கிறார். வண்டி வெளியே வர முடியாத விஷயத்தை அதுவரை அவரிடம் மறைத்து வைத்திருந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பட்டறையில் ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் அந்த 'அளந்தியா?' என்ற கேள்வி வரப்போகிறதே என்று பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் கணவரோ, "நான் பந்தல் மட்டும்தான் தச்சேன்னு முதல்லயே சொல்லிடுவேன்" என்று ஆட்டோவிலேயே கட்சி மாறிவிட்டார்.

15. மேடம் கால்மேல் தலையணை வைத்து, மகள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "வாசலைவிட வண்டி பெருசா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் மேடம்" என்றேன். "எவ்வளவு பெருசு?" என்றார். சொன்னேன். கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இத்தனை வருஷத்துல அந்த வாசலைவிடப் பெருசா யாருமே ஒண்ணும் செய்யலைடி. அளந்தியா, அளந்தியான்னு கேட்டுக் கேட்டு உங்களையெல்லாம் வாசலுக்குள்ளயே அடக்கி வச்சிட்டேனோன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு." அழுதாரா சிரித்தாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அழுதேன். இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

16. பிறகு சுவரைப் பற்றிக் கேட்டோம். பணிமனை கட்டும்போது சாலைப் பக்கம் ஒரு பெரிய கதவு வேண்டும் என்று துறைக்கு மனு எழுதினாராம். கட்டடம் முடியும்வரை பதில் வரவில்லை. "சுவருக்கு அனுமதி இருந்துச்சு, கதவுக்கு இல்லை. சரி, கதவு பின்னால வரட்டும்னு லிண்டலை மட்டும் போட்டு, கீழே செங்கலை வச்சு மூடிட்டேன். வருஷா வருஷம் தபாலைப் பார்ப்பேன். அப்புறம் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் ஞாபகம் வரும்" என்றார். அந்தச் சுவரில்தான் துறை அவர் பெயரைப் பொறித்த கல்லைப் பதித்திருக்கிறது என்பதையும், அந்தக் கல்லால்தான் சுவரைத் தொட முடியவில்லை என்பதையும் சொன்னோம். "என் பேரை வச்சு என் வாசலையே அடைச்சிட்டாங்களா?" என்று கேட்டு, வலிக்கிற காலையும் மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மகள் ஓடி வந்து எங்களைத்தான் கடிந்துகொண்டார்.

17. கல்லை என்ன செய்வது என்றும் கேட்டோம். வண்டியிலேயே பதித்துவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. "வேண்டாம், எடை கூடும்" என்றார் மேடம். பிறகு, "பேரு பூமியைப் பார்க்கிற மாதிரிக் குப்புறப் போட்டு, துணி துவைக்கிற கல்லா வச்சுக்கோங்க. ஹாஸ்டல் பொண்ணுங்களுக்காவது உதவும்" என்றார். இந்த யோசனையைத் துறை ஏற்காது என்று எங்களுக்குத் தெரியும். கல்லைக் கீறல் படாமல் எடுத்து, திறக்கும் வாசலின் பக்கத்துத் தூணில் எங்கள் செலவிலேயே பதித்துத் தருகிறோம்.

18. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,
அ) பார்வை ஒன்றில் கண்ட மறுப்பை விலக்கி, சாலையோரச் சுவரின் செங்கலை எடுக்க ஆணையிட வேண்டுகிறேன். வேலையைக் கட்டுமானப் பிரிவே தன் பயிற்சியின் பகுதியாகச் செய்யும். பொறியாளர் உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.
ஆ) முதல் செங்கலைத் தாங்களே நேரில் வந்து எடுத்துத் தர வேண்டும். சென்ற ஆண்டு திரை விலக்கிய அதே கை என்பதால் கேட்கிறேன். கையுறை நாங்கள் தருகிறோம்.
இ) அன்றே வண்டி கல்குவாரிக் குடியிருப்புக்குப் புறப்பட அனுமதிக்க வேண்டுகிறேன். லாரியில் வந்து கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

19. கதவு என்பது புதிய கோரிக்கை, அதற்குப் புதிய கோப்பு திறக்க வேண்டும், காலமாகும் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் தயவுசெய்து பார்வை இரண்டைக் காட்டுங்கள். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை ஐயா. மேடம் கேட்டது வரவில்லை, அதை நினைவூட்டுகிறோம், அவ்வளவே. அன்று அவருக்கு வரவேண்டிய பதிலை, அவர் கால் குணமாகி எழுந்து வந்து பார்ப்பதற்குள் தாங்கள் தந்துவிட்டால், பொன் எழுத்துக் கல்லைவிட அதையே அவர் பெரிதாக நினைப்பார். நாங்களும்தான்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து, தினமும் இன்ஜினை ஒரு முறை இயக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்,

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
தலைவி, பழைய பயிற்சியாளர் சங்கம்

நாள்: இம்மாதம் பத்தாம் தேதி
இடம்: பெரிய பணிமனை, வண்டியின் முன் இருக்கை

இணைப்புகள்:
1. துறைப் பொறியாளரின் அறிக்கை.
2. வண்டியின் முழு அளவுகள். (இம்முறை கூட்டியும் பார்த்தோம்.)
3. புதிய வாசலின் வரைபடம். வண்டி தாராளமாகப் போகும் அளவுக்கு நாங்கள் வரைந்து கொண்டுபோனதை, மேடம் பென்சிலால் அடித்துவிட்டு, லிண்டல் எதுவரை ஓடுகிறதோ அதுவரை வாசலை அகலமாக்கித் தந்திருக்கிறார். வண்டிக்கு இவ்வளவு தேவையில்லையே என்று கேட்டோம். "அடுத்தது இதைவிடப் பெருசா இருக்கும்ல?" என்றார்.